பனியில் நூற்றெட்டுக் குழாய்

நான் பிறந்த ஊரில் மிக உயரமான இடம் ரயில்வே மேம்பாலம். சைக்கிளில் அதன் மேல் ஏறினால் மூச்சு வாங்கும். உச்சியில் நின்று பார்த்தால் நாலு பக்கமும் வயல், வயலுக்கு அப்பாலும் வயல். கோயில் கோபுரம் அதைவிட உயரம்தான், ஆனால் அதன் மேல் ஏறு என்று யாரும் சொல்வதில்லை என்பதால் அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐம்பத்து நாலு வயது வரை இந்தத் தட்டையான உலகத்தில் நிம்மதியாக இருந்த என்னை ஒரு டிசம்பர் மாதத்தில் நேபாளத்து மலைப்பாதைக்குக் கொண்டுபோனவள் என் மனைவி.

அவள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். ஒரு சாயங்காலம் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். முக்திநாத். வெள்ளை மலைகளுக்கு நடுவே சின்னதாக ஒரு பெருமாள் கோயில். அதன் பின்னால் அரைவட்டமாக ஒரு கல்சுவர். சுவரில் வரிசையாக மாட்டுத் தலை வடிவில் நூற்றெட்டுக் குழாய்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பனி உருகிய தண்ணீர் கொட்டுகிறது. ஜனங்கள் தலையைக் கொடுத்துக்கொண்டே ஒன்றின் கீழிருந்து அடுத்ததற்கு ஓடுகிறார்கள்.

“நாம இங்க போறோம்.”

“குழாய்தானே? நம்ம கொல்லையிலயே ஒண்ணு ஒழுகிக்கிட்டு கெடக்கு. அதை மொதல்ல பாப்போம்.”

“சிரிப்புக் காட்டாதீங்க. நூத்தெட்டுலயும் நீங்க தலையக் குடுக்கணும். ஒண்ணு விட்டாலும் போனது போனதில்ல.”

போவது இரண்டு பேர், தலையைக் கொடுக்க வேண்டியது மட்டும் நான். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

என் அப்பா மடை பார்த்தவர். ஆற்றில் தண்ணீர் வந்ததும் வாய்க்காலைத் திறந்து, எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்று பார்த்து, மண்வெட்டியால் வெட்டித் திருப்பி விடுவது அவர் வேலை. ஊர் மிராசுதார்களின் நிலம் அத்தனைக்கும் அவர் கைபட்ட தண்ணீர்தான் பாய்ந்தது. பெருமாள் கோயில் குளத்துக்கு மதகைத் திறந்துவிடுவதும் அவரே. குளம் நிரம்புகிற வரைக்கும் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து காவல் காப்பார். அந்தக் குளத்தின் படியில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. எங்கள் தெருவுக்குக் காலனி என்று பெயர்; காலனியிலிருந்து யாரும் வைத்ததில்லை, வைக்க விடவும் மாட்டார்கள். இப்போது யாரும் தடுப்பதில்லை. யாரும் கூப்பிடுவதும் இல்லை. தடுப்பார் இல்லாத இந்தக் காலத்தில் குளம் முழுக்க ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. மாடுகூட இறங்காது.

“அந்தக் குளம் எக்கேடு கெட்டும் போவட்டும்” என்றாள் என் மனைவி. “அதவிடப் பெரிய தண்ணி ஒண்ணுல அவரு மகன் தலை நனையணும். யாரையும் கேக்காம.”

மார்கழியில் எங்கள் வீட்டில் வெந்நீர் போடாமல் நான் குளித்ததாகச் சரித்திரம் இல்லை. இந்த உண்மையை அவளிடம் நினைவுபடுத்தினேன். எனக்கு ஆதரவாக மைத்துனரையும் வரவழைத்தேன். அவர் சோபாவில் சாய்ந்துகொண்டு, “டிசம்பர்ல எவனாச்சும் இமயமலை ஏறுவானா அத்தான்? இன்னும் ஆறு வருஷம் பொறுத்தா அறுபது. ஊரோட சேந்து திருக்கடையூர்ல மாலைய மாத்திட்டு, ரெண்டு வேளை சாப்பாட்டப் போட்டுட்டு வீட்டுக்கு வாங்க” என்றார்.

அதுவரை நான் அவர் கட்சிதான். ஆனால் “ஊரோட சேந்து” என்ற சொல் எங்கேயோ சுருக்கென்று குத்தியது. “போறதா முடிவு பண்ணியாச்சு மாப்ள” என்று என் வாய் சொல்லிவிட்டது. என் வாய்க்கும் எனக்கும் இப்படி அடிக்கடி ஆகும்.

நான் கணக்கு வாத்தியார். அரைப் பரீட்சை விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை. அந்தக் குளிரில் ஆள் சேர்த்துக்கொண்டு போகிற ஒரே சுற்றுலா ஏற்பாட்டாளர் கும்பகோணத்தில் கிடைத்தார். மொத்தம் பதினோரு பேர். தஞ்சாவூர்க் கடைத்தெருவில் குரங்குக் குல்லாய் இரண்டு வாங்கிக்கொண்டேன். கடைக்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். “இது நம்ம ஊரு பனிக்கு சார்” என்று உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் விற்றார்.

பொக்கராவில் ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஏற்பாட்டாளர், அங்கே வந்து எங்கள் குழுவில் சேர்ந்துகொண்ட ஒரு பெரியவரைக் கூட்டி வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல கம்பளிக் கோட்டு, வெள்ளை மீசை. “ஐயாவும் உங்க பக்கம்தான் சார்” என்றார்.

“எந்த ஊரு?” என்றார் பெரியவர். சொன்னேன். “அட, நம்ம ஊரு! எந்தத் தெரு?” சொன்னேன். அவர் முகத்தில் ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. “யாரு மகன்?”

அதையும் சொன்னேன்.

“மடை பாத்தானே, அவன் மகனா நீ! நல்ல வேலைக்காரன். கூப்பிட்ட குரலுக்கு ஓடியாருவான். நீ என்ன பண்றே?”

“வாத்தியாரா இருக்கேங்கய்யா.”

“பரவால்லியே.”

ஊரில் பெரிய வீடு என்றால் அவர்கள் வீடுதான். அவர் தஞ்சாவூருக்குக் குடிபோய் வெகுகாலம் ஆகிவிட்டதால் எனக்கு முகம் மறந்திருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில், மனைவி போய்விட்டார், தனியாக வந்திருக்கிறேன் என்றார். எல்லாவற்றுக்கும் நான் சிரித்துச் சிரித்துத் தலையாட்டினேன். “உக்காருங்க, ரொட்டி ஆறுது” என்று என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தபோதுதான் நான் நின்றுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது. எப்போது எழுந்தேன் என்று சத்தியமாக நினைவில்லை.

அறைக்கு வந்ததும் சொன்னாள்: “நாலு நிமிஷத்துல பதினோரு அய்யா. எண்ணிக்கிட்டே இருந்தேன்.”

“வயசானவரும்மா.”

“வயசுக்கு ரெண்டு போதும். பாக்கி ஒம்போது எதுக்கு?”

கணக்கு வாத்தியாரிடம் கழித்தல் கணக்குக் கேட்டால் விடை சொல்ல வேண்டும். நான் குல்லாயை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குவதுபோல் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஜீப். என் மனைவி ஓட்டுநர் பக்கத்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டாள், அங்கிருந்து மலை நன்றாகத் தெரியுமாம். பின்னால் பெரியவரும் நானும். அவர் பள்ளத்துப் பக்க ஜன்னலில் இருந்தார். முதல் வளைவு திரும்பியதும் கீழே ஒருதரம் பார்த்தார். “ஏய், நீ இந்தப் பக்கம் வா” என்றார். நான் மறு பேச்சில்லாமல் தாவி இடம் மாறினேன். உட்கார்ந்த பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே பாதை இல்லை என்பதைக் கவனித்தேன். ஆறு எங்கேயோ கீழே ஒரு பென்சில் கோடு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஆறு என்றால் கரையில் நின்று காலை நீட்டினால் நனையும்.

எதிரே லாரி வந்தால் எங்கள் வண்டிதான் பின்னால் போக வேண்டும். பின்னால் போகும்போதெல்லாம் ஓட்டுநர் கழுத்தை நீட்டி என் பக்கத்துச் சக்கரம் இன்னும் பூமியில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். பார்த்துவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று தெரியாததால் நான் வேண்டுதலைத் தொடங்கினேன். முதல் வளைவில் குலதெய்வத்துக்குக் கிடா. இரண்டாவதில் வேளாங்கண்ணி மாதாவுக்கு என் உயரத்துக்கு மெழுகுவத்தி. அடுத்து நாகூர் ஆண்டவருக்குச் சர்க்கரை. பத்தாவது வளைவுக்குள் டெல்டாவில் ஒரு சாமி பாக்கியில்லை. அதற்கு மேல், மன்னார்குடியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் என்றும் சொல்லிவைத்தேன். எல்லாவற்றையும் நிறைவேற்ற வேண்டுமென்றால் ரிட்டையர் ஆன பிறகு தனியாக இரண்டு வருஷம் ஒதுக்க வேண்டும்.

நடுவில் கண்ணைத் திறந்தபோது என் மணிக்கட்டை யாரோ நெரிப்பது தெரிந்தது. பெரியவர். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்திருந்தார். நானும் அவர் தொடையைப் பிடித்திருந்தேன். எங்கள் ஊர்க்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் மயக்கம் போட்டிருப்பார்கள். பாதை சமமானதும் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நானும் எடுத்துக்கொண்டேன்.

காக்பேனி என்ற பழைய கிராமத்தில் வண்டிகள் நின்றன. மண் சுவர்கள், தலைக்கு மேல் அடுக்கிய விறகு, சந்து முடிகிற இடத்தில் செம்மண் பூசின மாதிரி சிவப்பாக ஒரு பௌத்த மடாலயம். எங்கள் சோழன் கட்டின கோயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது குட்டையாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் காற்றில் அத்தனை நூற்றாண்டு நின்றிருக்கிறதே என்று நினைத்தபோது மரியாதை வந்தது. நான் அங்கே கால்மணி நேரம்தான் நின்றேன், அதற்குள் என் மூக்கு எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது.

பனி பொழியத் தொடங்கியது. ஏற்பாட்டாளர் எல்லோரையும் கூட்டினார். “மேல ரோட்டுல ஐஸ் கட்டியிருக்காம். ரிஸ்க் எடுக்க வேணாம். இங்கேருந்தே அந்தத் திசையப் பாத்துக் கும்பிட்டுட்டுத் திரும்பிடலாம். புண்ணியம் ஒண்ணுதான்.”

எனக்குள் கெட்டிமேளம் கொட்டியது. முகத்தை மட்டும் பெருத்த ஏமாற்றம் அடைந்தவன்போல் வைத்துக்கொண்டேன். குழுவில் எல்லோரும் திசையை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். என் மனைவி நேராக ஓட்டுநரிடம் போனாள். மேலே கையைக் காட்டி, “ஜாயேகா?” என்றாள். போகுமா என்று அர்த்தம்; அவளுக்குத் தெரிந்த இந்தி அந்த ஒரு சொல்தான். ஓட்டுநர் டிக்கியைத் திறந்து இரும்புச் சங்கிலியை எடுத்துக் காட்டினார், சக்கரத்தில் மாட்டுவதற்கு. “ஜாயேகா” என்றார்.

அவள் முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். “வர்றவங்க வாங்க.”

“ஏம்மா, எல்லாரும் சொல்றாங்கல்ல…”

“எல்லாரும் சொன்னாங்கன்னுதான் உங்கப்பா கரையிலயே உக்காந்துருந்தாரு.”

நான் ஏறினேன். அதற்கு மேல் ஏறாமல் இருக்க முடியாது. எனக்குப் பின்னால் பெரியவரும் ஏறினார். “ஒரு பொம்பள போறா, நான் நிக்கறதா?” என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார். பொறுப்பு தன்னுடையது என்பதால் ஏற்பாட்டாளரும் வந்தார். மற்றவர்கள் எங்களுக்குக் கையசைத்த விதத்தில், எங்களை அவர்கள் திரும்பப் பார்க்கும் உத்தேசத்தில் இல்லை என்று பட்டது.

அன்றைக்குக் கோயிலுக்குக் கீழே ஒரு விடுதியில் தங்கினோம். காலையில் பார்த்தால் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிக் கிடந்தது. நல்லெண்ணெய் மட்டும் கொஞ்சம் அசைந்தது. நான் சட்டையைக் கழற்றி, தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெயை அப்பிக்கொண்டேன்.

“என்ன பண்றீங்க?”

“எண்ணெய் தேச்சா குளிர் உள்ள ஏறாது. தீவாளிக்கு விடியக்காலம் குளிக்கல?”

“தீவாளிக்கு வெந்நீர்ல குளிக்கிறீங்க.”

இந்தச் சின்ன வித்தியாசம் எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

விடுதியிலிருந்து கோயிலுக்குப் படியேற்றம். பத்துப் படிக்கு ஒருதரம் நின்று, மலையை ரசிப்பதுபோல் மூச்சு வாங்கினேன். மலை உண்மையிலேயே ரசிக்கும்படிதான் இருந்தது. வெயில் அடித்தது, ஆனால் அதில் சூடு இல்லை. படத்தில் பார்க்கிற வெயில் மாதிரி. மேலே மணிகள் வரிசையாகத் தொங்கின. செம்பழுப்பு உடுத்திய ஒரு பிக்குணி, தலையை மழித்தவர், துடைப்பத்தால் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். பெருமாளுக்கு வைணவர்களும் வருகிறார்கள், பௌத்தர்களும் வருகிறார்கள், யார் எந்தத் தெரு என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. நான் காத்திருந்துதான் பார்த்தேன். கேட்கவில்லை.

குழாய்களுக்கு முன்னால் போய் நின்றோம். சுவரில் பனி விழுதுகள் கூராகத் தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் மட்டும் சலசலவென்று கொட்டிக்கொண்டே இருந்தது. கீழே கல்தளத்தில் கண்ணாடிபோல் ஐஸ். என் மனைவி கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள், போனாள். வயலில் நாற்று நடுகிற மாதிரி வேகமாக, அதே சமயம் ஒன்றையும் விடாமல், ஒவ்வொன்றிலும் தலையைக் கொடுத்து முடித்துவிட்டு வந்தாள். உதடு வெளுத்துவிட்டது. “ம், இப்ப நீங்க” என்றாள். இந்த நிமிஷத்தைத் தள்ளிப்போட நான் யோசித்து வைத்திருந்த காரணங்கள் ஆறு. ஆறும் மறந்துபோயின.

அப்போது பெரியவர் கூப்பிட்டார். சற்றுத் தள்ளி ஒரு கல்லில், பூட்சும் கோட்டுமாக உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பித்தளைச் செம்பு. “என்னால அதுக்குள்ள நிக்க முடியாதுப்பா. நீ ஒரு செம்பு பிடிச்சாந்து என் தலையில தெளிச்சு விடு.”

முப்பது வருஷமாகச் சாக்பீஸ் பிடித்த கை தானாக நீண்டு செம்பை வாங்கிக்கொண்டது. இரண்டு அடியும் வைத்துவிட்டேன். யாரோ என்னை உள்ளே இருந்து நடத்திக்கொண்டு போவதுபோல் இருந்தது. என் மனைவி துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் நான் ஒரு ஜோக் அடித்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போயிருப்பேன்.

திரும்பி வந்து செம்பை அவர் காலடியில் பனியில் வைத்தேன்.

“தண்ணி அங்க இருக்கு. எந்திரிச்சு வாங்க. நான் கையப் பிடிச்சுக்கிறேன். சேந்தே நிப்போம்.”

அய்யா என்று சொல்ல மறந்துவிட்டேன். கையை நீட்டியபடி நின்றேன். அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஜீப்பில் பிடித்த அதே கைதான். “உங்கப்பன் இப்படிப் பேசமாட்டான்” என்றார், மெதுவாக.

“பேசமாட்டாரு. பேச விட்டிருந்தாத்தானே?”

நீட்டிய கையை இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். அவர் ஏற்பாட்டாளர் பக்கம் திரும்பிச் செம்பைக் காட்டினார். ஏற்பாட்டாளர் எடுத்துக்கொண்டு போனார். அது அவர் தொழில். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் குழாய்க்குப் போனேன்.

வீரனாகப் போனேன் என்று எழுத ஆசைதான். முதல் குழாய்த் தண்ணீர் தலையில் விழுந்ததும் நான் போட்ட கூச்சலில் மணிக்கருகில் இருந்த காக்கைகள் எழும்பிப் பறந்தன. அது தண்ணீர் இல்லை, யாரோ மண்டையில் ஆணி அடிக்கிறார்கள். ஓட ஆரம்பித்தேன். இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. மூச்சு உள்ளே போகவும் மாட்டேன் என்கிறது, வெளியே வரவும் மாட்டேன் என்கிறது. நாற்பதைத் தாண்டியதும் நல்லெண்ணெய் தன் வேலையைக் காட்டியது. உள்ளங்காலில் எண்ணெய், கீழே ஐஸ். கால் இரண்டும் எனக்கு முன்னால் போய்விட்டன. நான் பொத்தென்று உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே, சறுக்குமரத்தில் போகிற குழந்தை மாதிரி வழுக்கிக்கொண்டு போனேன். எப்படியோ ஒரு கம்பியைப் பிடித்து எழுந்து, மிச்சத்தையும் அலறிக்கொண்டே முடித்து வெளியே விழுந்தேன்.

ஏற்பாட்டாளர் ஓடி வந்து கம்பளியைப் போர்த்தினார். “சூப்பர் சார்! முடிச்சிட்டீங்க!”

“முடிக்கல” என்றாள் என் மனைவி. “நாப்பத்தி மூணுலேருந்து அம்பத்தி ரெண்டு வரைக்கும் உக்காந்துக்கிட்டே போனீங்க. தலையில படல.”

“எம்மா, உதடெல்லாம் நீலமாயிடுச்சு, விடுங்கம்மா” என்றார் ஏற்பாட்டாளர்.

தலையில் நாலு சொட்டுத் தண்ணீருடன் கல்லில் உட்கார்ந்திருந்த பெரியவரும் சொன்னார்: “போதும்ப்பா. பத்து கொறஞ்சா என்ன? எவன் பாக்கப் போறான்?”

என் மனைவி வற்புறுத்தவில்லை. உண்மையில் அவள் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது. என் உதட்டைப் பார்த்துவிட்டாள். “சரி, வாங்க. போதும்” என்றுகூடச் சொன்னாள். கம்பளிக்குள் கதகதப்பு வரத் தொடங்கியிருந்தது. எனக்கு வேண்டிய அனுமதி எல்லாத் திசையிலிருந்தும் கிடைத்துவிட்டது. வாழ்க்கையில் இவ்வளவு அனுமதி எனக்கு ஒரே சமயத்தில் கிடைத்ததே இல்லை.

அதனால்தானோ என்னவோ, கம்பளியைக் கழற்றி ஏற்பாட்டாளர் கையில் கொடுத்தேன்.

“அந்தப் பத்து மட்டும்தானே?” என்றாள்.

“பத்து எதுக்கு? ஒண்ணுலேருந்து. நீ சத்தமா எண்ணு.”

இந்த முறை ஓடவில்லை. ஓடினால்தான் வழுக்கும். ஒவ்வொன்றின் கீழும் நின்று, தலையைக் கொடுத்து, அடுத்ததற்கு நடந்தேன். பல் கிடுகிடுவென்று அடித்தது, கண் தெரியவில்லை, பயம் போகவே இல்லை. அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு நடந்தேன். அவள் எண்ணிக்கொண்டே கூட வந்தாள். நாற்பத்து மூன்றில் அவள் குரல் உயர்ந்தது. அம்பத்தி ரெண்டு என்றபோது பிக்குணி துடைப்பத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“நூத்தெட்டு” என்றாள். “வாங்க, துவட்டிக்கலாம்.”

“ஒரு நிமிஷம்.”

கடைசிக் குழாயின் கீழ் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் யாரும் காத்திருக்கவில்லை. வெளியே வா என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.